மரக்காணத்தில் மாட்டிய மீன்

என் வீட்டுக்காரர் ஜெயக்குமார் பட்டு நெய்கிறவர். அமாவாசை என்றால் ஆரணியில் தறிக்கு லீவு. மற்ற ஆண்கள் அன்று மதியம்வரை தூங்குவார்கள். இவர் விடியும் முன்பே தூண்டிலை பைக்கில் கட்டிக்கொண்டு, தெள்ளார் வழியாக மரக்காணத்துக்குக் கடல்மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவார். நாலு வருஷமாக இந்தக் கூத்து.

ஒரு மீன்கூட வீட்டுக்கு வந்ததில்லை. கேட்டால், "அமாவாசையும் அதுவுமா வீட்டுக்குள்ள மீனு எடுத்தாரலாமா? புடிச்சத அங்கியே குடுத்துட்டேன்" என்பார். நியாயம்தான். அன்றைக்கு எங்கள் வீட்டில் முட்டைகூட வேகாது. நானும் நம்பினேன்.

எதிர்வீட்டு மதிவதனிதான் என் தூக்கத்தைக் கெடுத்தாள். "மீனு புடிக்கவா அவ்ளோ தூரம் போறாரு? அங்க எவளாவது இருக்கப்போறா, பாத்துக்கோக்கா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த அமாவாசைக்கு நானும் பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வெயில், முதுகு வலிக்கும் என்று அவர் சாக்குச் சொல்லச் சொல்ல என் சந்தேகம் முற்றியது.

முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் போட்டார். நான் மணலில் உட்கார்ந்து, வருகிற போகிற பெண்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தியும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் ஏறியபிறகு தூண்டில் வளைந்தது. "திலகா! மாட்டிகினுச்சு! ஜல்தி வா!" என்று ஊரே கேட்கக் கத்தினார். இழுத்து மணலில் போட்டால், உடம்பெல்லாம் புள்ளி, முயலுக்கு இருப்பதுபோல் முன்பல். இப்படி ஒரு மீனை நான் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஊதிப் பந்தாகிவிட்டது. இவர் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாங்க, வாயில கீற தூண்டி முள்ள எடுங்க. பாவம் அது."

"எப்டி எடுக்கறதுன்னு தெர்லியே."

பக்கத்தில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மீனவர் மணவாளன் எழுந்து வந்தார். "இது பேத்த மீனுங்க. விஷம், துன்னக்கூடாது" என்று முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீரில் விட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாலு வருஷமா வராரும்மா. இன்னிக்குத்தான் மொத மீனு."

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, கோபமும் வந்தது.

"அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம் வரீங்க?"

"மாசம் பூரா தறிக்குழில கால வெச்சிகினு செவுத்தையே பாத்துகினு கீறேன். இங்க எதிர்ல ஒண்ணுமே இல்ல திலகா. நல்லாகீது. மீனே மாட்லன்னு தெரிஞ்சா, நீ போவாதன்னுடுவியோன்னு..."

இதற்கா இத்தனை பொய்? திட்ட வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் தண்ணீரில் இறங்கினேன். அவர் சொன்னது சரிதான், நன்றாகத்தான் இருந்தது. பொழுது சாயும்வரை அப்படியே நின்றிருந்தோம்.

வீடு திரும்பியபோது மதிவதனி வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னாக்கா, மீனு கெடச்சிச்சா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மிதான்" என்றேன்.