பின் இருக்கையில் ஞானராஜ் சார்

போன செவ்வாய்க்கிழமை காலை பெருங்களத்தூரில் எங்கள் ஷெட்டைத் திறந்துகொண்டிருந்தபோது சிட்லபாக்கத்திலிருந்து போன் வந்தது. ஞானராஜ் சாரின் பக்கத்து வீட்டு அம்மா பேசினார். சார் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். தூக்கமா, அவருக்கா என்றுதான் முதலில் கேட்டேன். என்ன கேள்வி அது! ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

அவரும் நானும் தொழில் கூட்டாளிகள். ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பாக்ஸைப் பிரித்து, கருகிய கிளட்ச் பிளேட்டுகளையும் தேய்ந்த சீல்களையும் மாற்றுவது எங்கள் வேலை. வேலையில் சரிபாதி, பேச்சில் முக்கால்வாசி நான்தான். சாருக்கு ஒரு வழக்கம். பூட்டி முடித்த வண்டியை நான் ஓட்ட வேண்டும். சீட்டில் கறை படாமல் நான் துண்டு விரித்துக் கொடுக்க, அவர் எனக்கு நேர் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். கியர் மாறும்போது லேசாக உதறினாலும் என் தோளில் ஒரு தட்டு விழும். விழுந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். ஓட்டுகிறவன் தீர்ப்பு செல்லாது என்பது அவர் சட்டம். அந்தத் தட்டை நான் திட்டாத நாள் இல்லை.

மனைவி மேரி அக்கா காலமான பிறகு சாருக்குத் தூக்கம் போயிற்று. பிள்ளைகளும் இல்லை. "வீடு ரொம்பப் பெரிசாயிடுச்சு ஏழுமலை" என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் புலம்பியதில்லை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் வண்டலூர் வரை போயும் தட்டு விழவில்லை. நம் கை நம் கைதான் என்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தால், சார் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்! ஷெட்டுக்கு வந்து பின்கதவைத் திறந்து எழுப்பினேன். வண்டியைப் பார்க்கச் சொன்னால் குறட்டை விடுகிறீர்களே என்று சண்டை பிடித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நானே தூங்கிட்டேன்னா, வண்டி பாஸ்தான்யா."

அதன்பிறகு எங்கள் ஓட்டம் நீண்டுகொண்டே போனது. பெட்ரோல் யாருடையது என்று கேட்காதீர்கள். பைபாஸில் ஏறித் திருநீர்மலை தாண்டியும் போவேன். அவர் விழித்துவிடக் கூடாதே என்று பிரேக்கைக்கூடப் பார்த்துப் பார்த்து மிதிப்பேன்.

அவர் போன அன்று ஒரு வெள்ளைக் காரின் கியர்பாக்ஸ் எங்கள் மேசையில் பாதி பிரிந்து கிடந்தது. அடக்கம் முடிந்து வந்து, அவர் துடைத்து அடுக்கியிருந்த புதுப் பிளேட்டுகளை நானே போட்டுப் பூட்டினேன். இனி இது சரி என்று யார் சொல்வது? வேறு மெக்கானிக்கைப் பின்னால் உட்கார வைக்கலாம்தான். மனசு வரவில்லை.

இன்று காலை தனியாக ஓட்டினேன். தட்டு விழவில்லை. வேலை சரியாக இருப்பதாலா, ஆள் இல்லாததாலா? திருநீர்மலை வரை அதே நினைப்பு. அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்?

ஷெட்டுக்குத் திரும்பியதும் எப்போதும்போல இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். திறந்த பிறகுதான் உறைத்தது. கிளம்பும்போது பழக்கத்தில் நான் விரித்த துண்டு, கசங்காமல் அப்படியே கிடந்தது.

"வண்டி பாஸ் சார். நீங்க தூங்குங்க" என்று சொல்லி, சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன்.