சித்திரையில் ஓடிய லிஃப்ட்

1. ஓமனில் இருக்கும் அக்கா, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரப் புத்தகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். தஞ்சாவூருக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டிய கட்டடம். மூன்றாவது மாடி வீடு.
2. புத்தகத்தில் சொல்லியிருந்த இருபத்திரண்டு வசதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சித்திரை மாதம் நேரில் போய்ப் பார்த்தேன்.
3. பதினாறு இருக்கிறது, ஆறு இல்லை என்று எழுதி அனுப்பினேன். இல்லாத ஆறும் பரவாயில்லை என்றேன்.
4. அக்கா முன்பணம் கட்டினாள். அடுத்த வாரம் வேலையை ராஜினாமா செய்தாள்.
5. ஆனி மாதம், திரைச்சீலைக்கு ஜன்னல் அளவு எடுக்க மறுபடி போனேன்.
6. லிஃப்ட் நின்றிருந்தது.

அக்கா பதினோரு வருடமாக ஓமனில் நர்ஸ். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. பத்துப் படி ஏறினால் பதினோராவது படியில் உட்கார்ந்துவிடுவாள். வலங்கைமான் வீட்டில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. வா என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அவளுக்குத் தனியாக இருக்க வேண்டும். "மத்ததெல்லாம் இருந்தா இருக்கட்டும், லிஃப்ட மட்டும் நல்லா பாத்துடுடி" என்றாள்.

நான் படித்தது எலக்ட்ரிகல். ஓர் அரிசி ஆலையில் மோட்டார்களைப் பராமரிப்பது என் வேலை. அதனால் லிஃப்டை நன்றாகவே பார்த்தேன். ஏழு தடவை ஏறி இறங்கினேன். பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு முழு எடையோடு ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். மெயினை அணைக்கச் சொல்லி, ஜெனரேட்டர் எடுக்க எத்தனை நொடி என்று எண்ணினேன். மேலே மோட்டார் அறைக்கும் போனேன்.

"லிஃப்ட் இன்ஸ்பெக்டர்கூட இவ்வளவு நேரம் நிக்க மாட்டாருங்க மேடம்" என்றார் கூடவே வந்த விற்பனை அதிகாரி.

"நீங்க இறங்கிக்கங்க சார். நான் இன்னொரு தடவை போய்ட்டு வந்துடுறேன்."

நீச்சல்குளம் என்பது குழந்தைகள் முழங்கால் நனைக்கும் தொட்டி. உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரே ஓர் இயந்திரம், அதுவும் பிளாஸ்டிக் உறையோடு. 'நீர்க்கரை வாழ்வு' என்று போட்டிருந்தது வாய்க்காலைத்தான். அன்று அதில் தண்ணீர் இல்லை, நடுமணலில் நான்கு ஆடுகள் படுத்திருந்தன. வாய்க்கால் இருக்கிறது என்று டிக் போட்டேன். ஏற்கெனவே குடிவந்திருந்த நான்கு குடும்பங்களின் கதவை நான் தட்டவில்லை. என் தாளில் அது இல்லை.

ஆனியில் போனபோது மேட்டூர் அணை திறந்து பத்து நாளைக்கு மேல் ஆகியிருந்தது. வாய்க்கால் கரைமுட்ட ஓடியது, விளம்பரப் படத்தைவிட அழகாக. லிஃப்ட் கதவில் 'பராமரிப்பு' என்று தாள் ஒட்டியிருந்தார்கள். காய்கறிப் பையோடு உள்ளே வந்த முதல் மாடிப் பெண்மணியிடம், என்றைக்குச் சரியாகும் என்று கேட்டேன்.

"தை பொறந்தாம்மா" என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கேலி இல்லம்மா. வாய்க்கால்ல தண்ணி வந்தா லிஃப்டுக்குக் கீழ குழியில ஊறிடுது. இறைச்சு விட்டா விடியறதுக்குள்ள திரும்ப நிக்குது. ஷாக் அடிக்கும்னு நிறுத்திட்டாங்க. போன வருசமும் இப்படித்தான், ஆத்துல தண்ணிய நிறுத்தினப்புறம்தான் ஓட விட்டாங்க. நாங்க ஒரு மாடி, சமாளிச்சுக்கறோம். நீங்க எத்தனாவது?"

"மூணு. எனக்கு இல்லங்க, எங்க அக்காவுக்கு."

"அவங்களுக்கு வயசு என்ன?"

"நாப்பத்தி ரெண்டு. முதுகு சரியில்ல."

அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

காவலாளியிடம் சொல்லிக் குழியைத் திறந்து பார்த்தேன். முழங்கால் அளவு தண்ணீர், கலங்கலே இல்லை. அடியில் இருக்கும் ஸ்பிரிங்குகள் முழுகிக் கிடந்தன.

வாய்க்கால் ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது தெரியும். பக்கத்து மண்ணுக்குள் தண்ணீர் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் காய்ந்த மாதத்தில் போய், மேலே இருந்த மோட்டாரைப் பார்த்துவிட்டு, கீழே குனியாமல் வந்திருக்கிறேன்.

விற்பனை அதிகாரிக்குப் போன் செய்தேன். "சீசன் பிரச்சினைதாங்க மேடம்" என்றார்.

"சீசன் எத்தனை மாசம் சார்?"

"அது... தண்ணி விடறதப் பொறுத்துங்க."

அக்கா டியூட்டி முடிந்து வந்திருந்தாள். போனை எடுத்ததும், "ஜன்னல் எத்தன அடிடி?" என்றாள். நான் லிஃப்டைச் சொன்னேன்.

"ஏழு தடவை ஏறி இறங்கினேன்னு சொன்னியே."

"ஆமாக்கா."

"சித்திரையில."

"ஆமா."

"வலங்கைமான்ல பொறந்தவ, சித்திரையில போயி பாத்திருக்க." சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. "சரி விடு. எட்டாவது தடவ நான் வந்து படியில ஏறிப் பாக்கறேன்."

மன்னிப்புக் கேட்டேன். தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டாள்.

அக்காவின் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள், ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியவில்லை. மாதக் கடைசியில் வருகிறாள். வீட்டுக்கான மீதித் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம். குழியில் கசிவை அடைத்துத் தருவதாக நிறுவனம் கடிதம் கொடுத்திருக்கிறது, வேலை தொடங்கவில்லை. ஒரத்தநாடு சாலையில் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் மூன்று வீடுகளில் விசாரித்தாயிற்று. வீடியோ அனுப்பியிருக்கிறேன், அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.