தோளில் ஒரு விரல்

சுவரொட்டி அடிக்கும் அந்தக் கடையில் அவனை எல்லோரும் 'டிசைனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கவுன்சிலரைப் புகழ்வதுதான் பகல் முழுக்க அவனுக்கு வேலை. முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, தலைமுடியைக் கொஞ்சம் கறுப்பாக்கி, தொப்பையைப் பாதிக்குப் பாதி குறைத்து, மேலே 'ஏழைகளின் இதயத்துடிப்பு' என்று கொட்டை எழுத்தில் போடுவான்.

வேலை முடிந்து பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அதே கவுன்சிலரைக் காய்ச்சி எடுப்பான். 'ஓரமா நில்லு' என்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தான். அரசியல் நக்கல், எங்கிருந்தோ தோண்டியெடுத்த பழைய சினிமா விளம்பரம், மறந்துபோன பாட்டைப் பற்றி நாலு வரி, எல்லாம் அதில் வரும். நடத்துவது யார் என்று எவருக்கும் தெரியாது. அவன் மனைவியே அதிலிருந்து எடுத்து அவனுக்கு அனுப்பி, "பாருங்க, எவனோ கொழுப்பெடுத்தவன் எழுதியிருக்கான்" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். "வேலைவெட்டி இல்லாதவனுங்க" என்று இவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் அவன். 'என் மகன் எழுத்து டவுன்ல எல்லாச் சுவத்துலயும் இருக்கு' என்று ஊரில் அப்பா மார்தட்டிக்கொண்டிருந்தார். சுவரில் இருப்பது எதுவும் தன் எழுத்தில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவனுடையது என்று சொல்ல அந்தப் பக்கம் ஒன்றுதான் இருந்தது.

அதனாலேயே எல்லார் மேலும் சந்தேகம். முக்கியமாக மெஷின்காரர் மேல். அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற அந்த மனிதர், இவன் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்து வைப்பார். ஒரு நாள் இவன் ஒரு பழைய பாட்டைப் பற்றி எழுதினான். மறுநாள் காலை மையைக் கலக்கிக்கொண்டே அவர் அதே பாட்டை முணுமுணுத்தார். ஆள் வேவு பார்க்கிறார், என்றைக்காவது போட்டுக்கொடுப்பார் என்று முடிவு கட்டி, அவரோடு பேச்சையே குறைத்துக்கொண்டான்.

ஒரு பேருந்து நிழற்குடையைக் கவுன்சிலர் மூன்றாம் முறையாகத் திறந்துவைத்தார். டிசைனருக்குக் கை அரித்தது. ஒரு பழைய வாள்சண்டைப் படத்தின் விளம்பரத்தில் கவுன்சிலரை ஒட்டி, 'அதே ரிப்பனை மூன்றாவது தடவை வெட்டும் மாவீரன். அடுத்த தடவை கூரையும் வரும்' என்று போட்டுவிட்டான். அது ஊர் முழுக்கப் பற்றிக்கொண்டது.

மறுநாள் கவுன்சிலரின் உதவியாளர் கடைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, முதலாளி முன்னால் போனை நீட்டினார்.

"அண்ணன் தோளைப் பெருசாக்கிப் பாருங்க."

பெரிதாக்கினார்கள். தோளில் ஒரு விரல் நுனி இருந்தது. கட்சி மாறிப்போன ஒருவர் கவுன்சிலர் தோளில் கைபோட்டு நின்ற படம் அது. ஆளை அழித்த டிசைனர் அந்த விரல் நுனியை விட்டுவிட்டான். சுவரொட்டியில் அந்த இடத்தில் கட்சிக் கொடி வரும், யாருக்குத் தெரியப்போகிறது என்ற மெத்தனம். நக்கல் படத்துக்கும் கை பழகிய அதே படத்தையே எடுத்திருந்தான்.

"சுவத்துல இந்த விரலைக் கொடி மறைச்சிடுது. ஆளை அழிச்ச இந்தப் படம் உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. யாரு?"

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "சார், நம்ம பசங்க அப்படியெல்லாம்..."

"இந்தப் பக்கத்தைப் படிக்கிறவன் யாரு இங்க?"

டிசைனர் திரைக்குள் குனிந்துகொண்டான். மெஷின்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் படிப்பேன். வீட்ல எல்லாரும் படிப்போம். நல்லாத்தான் எழுதுறான்" என்றார்.

"ஓகோ! ஏற்கெனவே நீ எதிர்க்கட்சி ஆளு தானே? மொதலாளி, இவன் நாளைக்கு இங்க இருக்கக்கூடாது."

மெஷின்காரர் கை துடைத்த துணியை மடித்து வைத்தார். டிசைனரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். இத்தனை நாள் இவரையா சந்தேகப்பட்டோம் என்று இவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அவரில்ல சார். நான்தான்."

உதவியாளர் ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "நீயா? உன் மூஞ்சிக்கும் சிரிப்புக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?"

டிசைனர் தன் போனில், நடத்துகிறவன் மட்டுமே திறக்க முடிகிற பக்கத்தின் உள்பகுதியைத் திறந்து காட்டினான். உதவியாளர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் தன்னை மறந்து சிரித்தார். பிறகு குரலை இறக்கினார்.

"இத்தனை பேரு பாக்குறாங்களாடா? சரி விடு. எதிராளியப் பத்தியும் இப்படிப் போடு. நாங்க விஷயம் தர்றோம். நீ யாருன்னு வெளிய போகாது."

"போட்டுடுவான் சார்!" என்று இவனுக்கு முன்னால் முதலாளி முந்திக்கொண்டார்.

மறுநாள் எதிராளியின் படம் வந்து சேர்ந்தது. அந்த ஆளும் லேசுப்பட்டவரில்லை. வெள்ளத்தைப் பார்வையிடப் போனவர், காலணி நனையாமல் இருக்க ஒருவர் முதுகில் ஏறியிருந்தார். அவரைக் கிண்டலடிக்க டிசைனரே நினைத்திருந்ததுதான். 'மக்கள் சுமக்கும் தலைவர்' என்று எழுதினான். நன்றாகத்தான் இருந்தது.

மெஷின்காரர் பின்னால் நின்று பார்த்தார்.

"இது உனக்கே தோணுச்சா தம்பி, இல்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"எனக்கே தோணினதுதான் அண்ணே."

நிஜம்தான். ஆனால் சொன்ன தொனி அவன் காதிலேயே பொய்யாக விழுந்தது. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவன் நெடுநேரம் பிசைந்துகொண்டிருந்தான். இனி எதை எழுதினாலும் அவர் இந்த 'ம்' தான் சொல்வார்.

முதுகுச் சவாரிப் படத்தை அழித்தான். தன் பெயரையும் கடை இருக்கும் தெருவையும் போட்டு எழுதினான்: 'பகலில் கவுன்சிலருக்குச் சுவரொட்டி செய்கிறவன்தான் இந்தப் பக்கத்தை நடத்துகிறான். எதிராளியைக் கிண்டலடிக்கச் சொல்லி நேற்று ஆள் வந்தது. ஆகையால் இனி இங்கே எதைப் படித்தாலும் சந்தேகப்பட்டே படிக்கவும். சிரிப்பு வந்தால் மட்டும் சிரிக்கவும்.'

போட்ட கையோடு எழுந்து முதலாளியின் அறைக்குப் போனான், அவராகக் கூப்பிடுமுன் சொல்லிவிடலாமென்று. கதவைத் தட்டும்போது போன் அதிர்ந்தது. முதல் பின்னூட்டம்.

'இதைப் போடச் சொன்னது யாருங்க?'