எட்டுமணி சாரின் திருத்தச் சீட்டு

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். பெரம்பலூரில் என் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. இறங்கி வந்தவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தோளில் ஒரு பை. முகத்தில் சிரிப்பில்லை.

வாசகர் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் வருவார்கள் — பாராட்டுவார்கள், காபி குடிப்பார்கள், பிறகு மெதுவாகத் தாங்கள் எழுதிய கவிதையை எடுப்பார்கள். நானும் மனதளவில் கவிதைக்குத் தயாராகிவிட்டேன்.

பையிலிருந்து வந்தது கவிதை இல்லை. ஓர் இங்கிலீஷ் புத்தகம். அட்டையைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். எட்மண்ட் சார் எழுதிய புத்தகம் அது.

"பின்னாடி நன்றின்னு போட்டு உங்க பேரு இருக்கு. அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னது நீங்கதானே சார்?"

"நானேதாம்மா" என்று சொல்லி, ஹாலில் மாட்டியிருக்கும் ஃப்ரேமைக் காட்டினேன். அந்த நன்றிப் பக்கத்தின் ஜெராக்ஸ்தான் ஃப்ரேமுக்குள் இருக்கிறது. 'என் நம்பிக்கைக்குரிய மொழிபெயர்ப்பாளர்' என்று என்னைப் பற்றிப் போட்டிருக்கும். நான் எழுதும் இந்தப் பத்தித் தொடரிலேயே நாலைந்து தடவை அதைப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அவர் ஃப்ரேமைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் பேரு வளர்மதிங்க. இங்க ஒரு காலேஜ்ல இங்கிலீஷ் எடுக்கறேன். உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்காடு வச்சிருந்த கலியபெருமாளோட பொண்ணு. இதுல நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல வர்றது எங்கப்பாதான்" என்றார்.

என் பல் தானாக உள்ளே போனது.

எட்மண்ட் சாரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொஞ்சத்தில் அடங்குகிற ஆள் இல்லைதான், இருந்தாலும்...

அவர் இங்கிலாந்துக்காரர். பத்திரிகையாளர், எழுத்தாளர். இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும், அரியலூருக்கு வந்து ஒரு லாட்ஜில் தங்கினார். நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். எனக்குச் சுமாராக இங்கிலீஷ் வரும் என்று யாரோ அவரிடம் கொளுத்திப்போட, என்னைப் பிடித்துக்கொண்டார்.

மே மாதம். அரியலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். அதில் மனிதர் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். கீழே வேட்டி. வேட்டிக்கு மேல் தோல் பெல்ட். எதற்கு சார் இந்தக் கோட்டு என்று கேட்டேன். "பதினோரு பாக்கெட் இருக்கிறது" என்றார். லாட்ஜுக்கு எதிர் டீக்கடைக்காரருக்கு எட்மண்ட் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு டாண் என்று வந்து நிற்கிறாரே என்று 'எட்டுமணி சார்' ஆக்கிவிட்டார். கடைசி வரை ஊரில் அதுதான் பெயர்.

அரியலூரில் அவருக்கு என்ன வேலை? ஒரு காலத்தில் இந்த மண் கடலுக்கு அடியில் கிடந்தது. இன்றைக்கும் கல்லைப் புரட்டினால் சிப்பி கிடைக்கும். இப்படிக் கடல் விட்டுப்போன ஊர்களாகத் தேடிப் போய், அங்கே இப்போது இருப்பவர்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று புத்தகம் எழுதுவது அவர் திட்டம். இதை யார் சார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "யாரும் வாங்க மாட்டார்கள். இதற்கு முந்தைய ஆறையும் யாரும் வாங்கவில்லை" என்றார், என்னவோ பரிசு வாங்கியவர் மாதிரி. அந்த ஆறில் ஒன்று, ஓடாமல் நின்றுபோன மணிக்கூண்டுகளைப் பற்றி. இன்னொன்று, எந்த ஊரில் நாய்க்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதைப் பற்றி. முந்நூறு பக்கம்.

ஆரம்பத்தில் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையில் பூச்செடிப் போட்டிச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தவர், பிறகு லண்டனில் பெரிய பேப்பருக்குப் போயிருக்கிறார். அங்கே ஒருநாள் ஒரு பாட்டியம்மாவின் வயதை இரண்டு வருஷம் கூட்டி எழுதிவிட்டார். செய்தியே ஐந்து வரி. விடுய்யா, யார் கவனிக்கப் போகிறார்கள் என்றாராம் எடிட்டர். இவருக்குத் தூக்கம் வரவில்லை. யாருக்கும் சொல்லாமல் மறுநாள் பேப்பரில் ஒரு திருத்தத்தை நுழைத்துவிட்டார் — முப்பது வரி. பாட்டியம்மாவின் சரியான வயது, தான் எப்படித் தப்பு செய்தோம், அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பது வரை. வேலை போயிற்று.

அதற்கப்புறம்தான் புத்தகங்கள். புத்தகம் வந்த பிறகு ஏதாவது தப்பு தெரிந்தால், சின்னச் சீட்டில் திருத்தம் அச்சடித்து, பசையும் கையுமாக லைப்ரரி லைப்ரரியாகப் போய் ஒட்டுவார். பைத்தியம் என்று சொல்லிவிடலாம். ஆனால், நம்மைப் பற்றி ஒருவர் தப்பாக எழுதி, அதைத் திருத்த ஊர் ஊராக அலைந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

டேப் ரிக்கார்டர் வைத்துக்கொள்ள மாட்டார். அதைப் பார்த்தால் ஜனங்கள் மேடைப் பேச்சு பேசுகிறார்கள் என்பார். அவருக்கு வேறொரு முறை இருந்தது. முக்கியமான கேள்வியை மூன்று தடவை கேட்பார் — வந்தவுடன் ஒன்று, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. மூன்று பதிலும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும்.

பிரமாதமான முறைதான். ஒரே ஒரு ஓட்டை. மூன்று தடவையும் நடுவில் நின்றது நான்.

வளர்மதி புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். அவர் அப்பா சொன்னதாகப் போட்டிருந்தது தமிழில் இப்படி வரும்: 'உங்களைப் போன்ற பெரியவர் எங்களைப் பற்றி எழுத வந்தது எங்கள் பாக்கியம். எங்களுக்கென்ன தெரியும்? நீங்கள் எழுதுவது எதுவானாலும் சரிதான்.' அதற்குக் கீழே எட்மண்ட் சார் சேர்த்திருந்தார் — மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் இதையேதான் சொன்னார்.

"எங்கப்பா யாரு முன்னாடியும் இப்படிப் பேசுனவரு இல்லைங்க. தாசில்தார் வந்தப்பக்கூட கட்டில்ல உக்காந்துக்கிட்டே பேசுனவரு. ஆனா அச்சுல இருக்கே... வெள்ளைக்காரரைப் பாத்ததும் வளைஞ்சுட்டாரா? இந்தப் புக்கு கையில கெடச்சதுலேர்ந்து அவரு படத்தப் பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு சார். அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அவர்கிட்ட கேக்க முடியாது. கூட இருந்தவரு நீங்கதான். சொல்லுங்க."

எனக்கு ஞாபகமில்லம்மா என்று சொல்லிவிடலாம். சொல்லவும் வாயெடுத்தேன்.

காபியோடு வந்த என் மனைவி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள். "இவருக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. அன்னிக்கு வூட்டுக்கு வந்ததும் எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எப்படிச் சமாளிச்சேன் பாத்தியான்னாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லிடுங்க" என்றாள்.

சொன்னேன்.

அன்றைக்கு முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எட்மண்ட் சார் கோட்டோடு வியர்வையில் நனைந்து நிற்கிறார். உங்களைப் பற்றி எழுத வந்திருக்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார். கலியபெருமாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். என்னிடம் திரும்பினார்.

"எங்களப் பத்தி எழுத இவரு யாருங்க? எம்பொண்ணு பத்தாவது படிக்குது. காட்ட வித்தாவது அத மேல படிக்க வப்பேன். எங்களப் பத்தி அது எழுதும். இவருக்கு இங்க என்ன வேல? சோறு ஆயிடுச்சு, சாப்புட்டுட்டுக் கெளம்பச் சொல்லுங்க."

இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது? எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும், அது பிரச்சினை இல்லை. எங்கிருந்தோ வந்த மனிதர், விருந்தாளி... அவர் மனம் நோகலாமா? நம்மில் யார்தான் அப்படியே போய்ச் சொல்கிறோம்? சம்பந்தி வீட்டில் பேசியதை எழுத்து பிசகாமல் வந்து ஒப்பித்தால் இந்த ஜில்லாவில் பாதிக் கல்யாணம் நடக்காது. எனவே, 'பெரியவர் வந்தது எங்கள் பாக்கியம்' என்றேன். என் கைச்சரக்காக இரண்டு வரி பணிவும் சேர்த்துவிட்டேன்.

சாப்பாடானது. கருவாட்டுக் குழம்பைக் கலியபெருமாளே அள்ளி அள்ளி ஊற்றினார். எட்மண்ட் சார் அதே கேள்வியை மறுபடி கேட்டார். கலியபெருமாள் அதே பதிலை இன்னும் கொஞ்சம் சூடாகச் சொன்னார். நான் பாக்கியத்தையே திருப்பிச் சொன்னேன். கிளம்பும்போது மூன்றாவது தடவை. "இவருக்குக் காது கேக்காதா? எம்பொண்ணு எழுதும்னு எத்தன தடவ சொல்றது?" என்றபடியே ஒரு பை நிறைய முந்திரிக்கொட்டையை அவர் கையில் திணித்தார் கலியபெருமாள். பையைப் பார்த்த எட்மண்ட் சாருக்குச் சந்தேகம் ஏன் வரப்போகிறது? நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

வளர்மதி புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

"எம்பொண்ணு எழுதும்னா சொன்னாரு?"

"மூணு தடவைம்மா."

"நான் பன்னெண்டாவது முடிச்ச வருஷம் ரெண்டு ஏக்கர் காட்ட வித்தாரு சார். எதுக்குப்பான்னு கேட்டேன். காய்ப்பே இல்ல, சனியன் தொலையட்டும்னு வித்தேன்னாரு. இத்தன வருஷமா நான் அத அப்படியே நம்பிக்கிட்டிருந்தேன்."

அழுதார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் தன் மகளைப் பற்றி வாய்விட்டுச் சொன்ன ஒரே பெருமை. அதை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இருபது வருஷமாக நல்லவனாகத் திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

போகும்போது வளர்மதி ஒன்றுதான் கேட்டார். "அவருக்கு எழுதுங்க சார். அதை மாத்தணும்."

எட்மண்ட் சாருக்கு இப்போது எண்பத்து நாலு வயது. இங்கிலாந்தில் கடற்கரையோரம் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். செல்போன் இல்லை, ஈமெயில் இல்லை, கடிதம்தான். நாலு நாள் தள்ளிப்போட்டேன். அந்த வயதில் அவருக்கு இதைச் சொல்ல வேண்டுமா, மனம் நோகாதா என்று... பாருங்கள், மறுபடியும் அதே புத்தி. ஐந்தாம் நாள் எழுதிப் போட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு கட்டு வெள்ளைச் சீட்டு, ஒரு டியூப் பசை, ஒரு கடிதம். போஸ்ட்மேன் பிரிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, "ஏன் சார், பசை நம்ம ஊர்ல கெடைக்காதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடிதம் ஒரு பக்கம்தான். 'உன் கடிதத்தைப் படித்தேன். வழக்கம்போல மூன்று முறை. என் புத்தகத்திலேயே சிறந்த வாக்கியமாக இருந்திருக்க வேண்டியது அது, நீ அதைத் திருடிவிட்டாய். திருத்தத்தை நான் எழுத முடியாது. அந்த மனிதரை உன் காதால்தான் கேட்டேன். நீயும் எழுதக் கூடாது, ஏன் என்று உனக்கே தெரியும். யார் எழுத வேண்டும் என்று அவரே மூன்று முறை சொல்லியிருக்கிறார். சீட்டுகளை அந்த மகளிடம் கொடு. அவர் எழுதி அனுப்புவதை அச்சடித்து, என் வீட்டில் விற்காமல் கிடக்கும் நானூறு பிரதியிலும் ஒட்டுவேன். எனக்கு வேறு வேலை இல்லை.'

சீட்டுக் கட்டை வளர்மதியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலே வரிதான் எழுத வேண்டும். இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். எத்தனை சீட்டு வீணாயிற்று என்று நான் கேட்கவில்லை.

எட்மண்ட் சார் தன் புத்தகத்தில் ஒரு பிரதியை அரியலூரில் ஒரு லைப்ரரிக்குக் கொடுத்திருந்தார். போன வெள்ளிக்கிழமை நானும் வளர்மதியும் அங்கே போனோம். நூலகர் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். வளர்மதி கையில் பசையைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "லைப்ரரி புக்குல எதையும் ஒட்டக் கூடாதுங்களே" என்றார். வளர்மதி சீட்டை அவரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். புத்தகத்தில் நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேடிப் படித்தார். மறுபடி சீட்டைப் படித்தார்.

"ஒட்டுங்கம்மா. கோணலாயிடாம நேரா ஒட்டுங்க" என்றார்.

வளர்மதி ஒட்டிவிட்டு, உள்ளங்கையால் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். இங்கிலீஷில் எழுதிய சீட்டு. தமிழில் இப்படி வரும்:

'இந்தப் பக்கத்தில் உள்ளவை என் அப்பா கலியபெருமாள் சொன்னவை அல்ல. அவர் சொன்னது: எங்களைப் பற்றி என் மகள் எழுதுவாள், இவருக்கு இங்கே என்ன வேலை? பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளருக்கு அதைச் சொல்லத் தைரியம் இல்லை. — எழுதியவர், அவர் மகள்.'

என்னைப் பற்றி இதுவரை அச்சில் வந்ததில், திருத்தம் தேவைப்படாத ஒரே வாக்கியம் அந்த மூன்றாவது வரிதான்.