இருபத்து மூன்றாம் கல்

1. ஜீப்பில் வந்த உத்தரவு

"காட்டுக்குள்ள ஒன்பது குடும்பம் ஏர் ஓட்டிக்கிட்டிருக்கு. நீ என்னய்யா பாத்துக்கிட்டிருந்த?"

புதிதாக மாற்றலாகி வந்த ரேஞ்சர் ஜீப்பை விட்டு இறங்காமலே என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம் சொல்ல உயர்த்திய கை அப்படியே நின்றுவிட்டது.

நான் அப்போது நாகப்பட்டினம் பக்கம் கடலோரச் சரணாலயம் ஒன்றில் வனக்காவலர். இப்போது தோளில் பையும் கையில் செல்போனுமாக வெளிமானையும் பூநாரையையும் நடந்து பார்க்க வருகிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். அன்று அங்கே நடப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்கு ஒதுக்கிய பகுதிக்கு பீட் என்று பெயர். சேறு, மணல், கருவேல முள் என்று பார்க்காமல் பீட்டை முழுக்க நடந்தவன் எங்கள் ரேஞ்சில் என்னைத் தவிர யார் இருந்தார்கள்? இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

பீட்டின் எல்லை நெடுக, கடலோரத்தில் தொடங்கி வடக்கே போகும் கருங்கற்கள் உண்டு. ஏறக்குறைய இருநூற்று அறுபது தப்படிக்கு ஒரு கல். கிழக்கே உப்புச் சதுப்பு. மேற்கே நாற்பத்தொன்றாம் கல் வரைக்கும் காடு, அதற்கு வடக்கே ஊர் நிலம். வரைபடமும் அப்படித்தான் சொன்னது, அந்த ஒன்பது குடும்பத்தின் பட்டாவும் அப்படித்தான் சொன்னது.

ரேஞ்சர் ஜீப்பில் இருந்தபடியே நாற்பத்தொன்று என்று வெள்ளை பெயின்டில் எழுதிய கல்லைக் காட்டினார். அதற்குத் தெற்கே, காட்டுப் பக்கமாக, மானாவாரி நெல் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. பட்டா நிலம்தானே என்று அதுவரை நான் அந்த எண்ணையும் வயலையும் சேர்த்துப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேலியைப் பிரித்து ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பச் சொன்னார்.

2. அஞ்சலை அக்கா கேட்டது

அந்த ஒன்பது குடும்பமும் ஒரு காலத்தில் பண்ணையில் கூலிக்கு நின்றவர்கள். கூலிக்காகச் சங்கம் கட்டி, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், கடைசியில் உச்சவரம்பு நிலம் என்று ஆளுக்கு ஒரு துண்டு வாங்கியவர்கள். மேடை போட்டு, மைக் கட்டி, மந்திரி கையால் பட்டா கொடுத்தார்கள். என் அப்பாவும் நன்னிலம் பக்கம் அதே மாதிரி கூலிக்காரர்தான். அவருக்குக் கடைசி வரை ஒரு குழி நிலம்கூடக் கிடைக்கவில்லை. அதனால் வேலியைப் பிரிக்கச் சொல்ல நான் போன அன்று என் காக்கிச் சட்டை எனக்கே கனத்தது.

முன்னால் வந்து நின்றவர் அஞ்சலை அக்கா. ஐம்பது வயது இருக்கும். குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

"வாங்க கார்டய்யா. அறுப்புக்கு ஆள் பத்தலன்னு நெனச்சேன், நீங்க வந்துட்டீங்க."

"கேலி வேணாங்க்கா. இது காட்டு நிலம்னு ரேஞ்சர் சொல்றாரு. நாப்பத்தொண்ணாம் கல்லு உங்க கொல்லைக்கு வடக்கால நிக்குது, நானே பாத்தேன்."

"அது நாப்பத்தொண்ணா? யாரு சொன்னா? அளக்க வந்தப்ப சர்வேயரோட சங்கிலியப் புடிச்சவ நான். இதோ தெக்கால நிக்குதே, இதான் நாப்பத்தொண்ணு. அன்னிக்கு அதுல கறுப்பு மையில அப்படித்தான் எழுதியிருந்துச்சு. அப்பறமா வெள்ளையடிச்சு நாப்பதுன்னு மாத்தி எழுதினது யாரு? நீங்கதான அய்யா எழுதினீங்க, டப்பாவும் பிரஷ்ஷுமா வந்து?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்கு எண்ணத் தெரியாதுங்கிறீங்களா?" என்று கத்திவிட்டுத் திரும்பி நடந்தேன். பத்தடி போவதற்குள் நின்றுவிட்டேன். ஐயோ, எழுதியது நான்தான்.

ஆறு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் மார்கழி. எல்லைக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்து எண் எழுதச் சொல்லி எனக்கு முதல் வேலை கொடுத்தார்கள். வெட்டிய எண்கள் உப்புக் காற்றில் பொரிந்து போயிருந்தன, கறுப்பு மையும் பாதி அழிந்திருந்தது. இருபத்திரண்டுக்கு அடுத்த கல்லைக் காணோம். சதுப்பில் இடுப்பளவு தண்ணீர். கூட வந்த வாட்சர் பக்கிரி, "நடுவுல நம்பர் விட்டுப்போச்சுன்னா ஆபீசுல குடைவாங்க தம்பி. வரிசையா எழுதிக்கிட்டே போங்க" என்றார். கண்ணில் பட்ட அடுத்த கல்லுக்கே இருபத்து மூன்று என்று போட்டு, அப்படியே எழுதிக்கொண்டே போனேன். வடக்கே முடிகிற இடத்தில் ஒரு எண் மிஞ்சியது. கடைசிக் கல் காணாமல் போய்விட்டது என்று ரிப்போர்ட் எழுதினேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரிப்போர்ட் நன்றாக எழுதுகிறேன் என்று பாராட்டு வேறு கிடைத்தது!

3. கடலில் இருந்து

மறுநாள் விடிந்ததும் பக்கிரியைக் கூட்டிக்கொண்டு கடலோரத்து முதல் கல்லில் இருந்து தப்படி எண்ணி நடந்தேன். இருநூற்று ஐம்பத்தெட்டு, இருநூற்று அறுபத்து மூன்று, இருநூற்று அறுபது. கல்லுக்குக் கல் பெரிய மாற்றமில்லை. இருபத்திரண்டில் இருந்து அடுத்த கல்லுக்கு மட்டும் ஐந்நூற்று இருபத்தொன்று.

திரும்பி வந்து இருநூற்று அறுபதாவது தப்படியில் நின்றோம். முழங்கால் வரை சேறு. பக்கிரி கடப்பாறையால் குத்திக் குத்திப் பார்த்தார். வெயில் ஏறிய பிறகு ணங் என்று சத்தம் கேட்டது. கையால் சேற்றை வாரிப் போட்டோம். சேற்றுக்குள் கிடந்த கல்லைக் காற்று தொட்டிருக்கவில்லை. வெட்டிய எண் நேற்று வெட்டியது போல இருந்தது. இருபத்து மூன்று.

பக்கிரி கரையைப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"தம்பி, திரும்ப மூடிடுவமா? எனக்கு வேலை நெரந்தரமாகுற நேரம். நீங்களும் புள்ளகுட்டிக்காரரு."

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் யோசித்தேன். கல்லை மூடினால் என் வேலைக்குப் பழுதில்லை. ஒன்பது குடும்பம் மறுபடி கூலிக்கு நிற்கும்.

"உங்க பேரு இதுல வராது. எழுதினது என் கை" என்றேன்.

4. ரேஞ்சர் நடந்தார்

ரேஞ்சர் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"உன் கையெழுத்துலேயே உனக்கு ஆப்பு வெச்சுக்கிறியேய்யா! இத நான் மேல அனுப்பினா 17 (ஏ) விதியில சார்ஜ் மெமோ வரும், தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா நீங்க ஒரு தடவை நடந்து பாத்துட்டு அனுப்புங்க."

"எத்தனை கல்லு?"

"இருபத்து மூணு சார். ஜீப் போகாது."

முறைத்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பத்தாவது கல்லுக்குள் அவருடைய பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். இருபத்திரண்டில் இருந்து என்னைப் பேசவிடாமல் அவரே வாய்விட்டு எண்ணினார். கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, வெட்டிய எண்ணின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"உத்தரவை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். உனக்கு மெமோ உண்டு. அதுல மாத்தமில்ல."

"இருக்கட்டும் சார்."

அவர் நேர்மையான மனிதர். இறங்கி நடக்கச் சொல்ல ஆள் இல்லாமல்தான் அதுவரை ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேராக அஞ்சலை அக்காவின் கொல்லைக்குப் போனேன். ஒன்பது வீட்டாரும் கூடியிருந்தார்கள். தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அக்கா விட்டாரா? என் படிப்பு, என் காக்கி, என் பெயின்ட் டப்பா, ஒன்று பாக்கியில்லாமல் கிழித்துத் தொங்கவிட்டார். மூச்சு வாங்கியபோது முகம் மாறியது.

"மூணு நாளா சோறு எறங்கல அய்யா. பொணமா விழுந்தாலும் கதிரு மேலதான் விழுறதுன்னு இருந்தேன்." அழுதுகொண்டே பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்துக் கத்தினார். "ஏய், என்னடி வேடிக்கை? நாளைக்கே அறுக்கணும், அருவாளத் தீட்டு!"

எனக்கும் கண் கலங்கியது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

5. சிவப்பு மை

இப்போது பீட் நடக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஜி.பி.எஸ். கருவி எல்லாம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. காணாத கல்லைக் காணவில்லை என்று எழுதுங்கள். வரிசை அழகாக இருக்க வேண்டும் என்று எண்ணை நிரப்பாதீர்கள். அந்த எண்ணுக்கு அடுத்து யாருடைய நிலம் நிற்கிறது என்பது ஆபீசில் உட்கார்ந்தால் தெரியாது.

எனக்கு ஆறு மாத ஊதிய உயர்வு நிறுத்தம். பணிப்பதிவேட்டில் அதைச் சிவப்பு மையில் ஏற்றினார்கள்: எல்லைக் கல் எண்ணைத் தவறாக எழுதியதற்காக. ஓய்வு பெற்ற அன்று அந்தப் பதிவேட்டைப் புரட்டிய என் மகன், "மத்ததெல்லாம் பாராட்டா இருக்குப்பா. இந்த ஒரு பக்கத்த மட்டும் யார்கிட்டயும் காட்டாதீங்க" என்றான்.

நான் அந்தப் பக்கத்தை மட்டும்தான் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.