உப்பில்லாத பருப்பு

நேற்று சந்தாபுரா வீட்டில் அம்மா வைத்த பருப்பில் உப்பே இல்லை. தாளித்த பூண்டு மட்டும் மணந்தது. அத்தா பிஸ்மில்லா சொல்லி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஸ்ரீராம்புரத்து ஒற்றை அறை முழுக்க இதே பூண்டு வாசனைதான். உப்பு குறைந்தால் அத்தா தட்டை வீசுவார். மஞ்சள் பருப்பு சுவரில் வழியும். பக்கத்து வீட்டுப் பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கும். அம்மா முந்தானையால் சுவரைத் துடைப்பாள். அன்றைக்கு அவள் சாப்பிட மாட்டாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அத்தா ஐந்து வேளையும் தொழுகிறார். வழியில் கிடக்கும் கல்லை எடுத்து ஓரமாகப் போடுகிறார். இந்தத் தெருவே அவரைத் தங்கமான மனுஷர் என்கிறது.

"உப்பே இல்லையே அத்தா!" என்றேன்.

"நபிகள் நாயகம் எந்தச் சாப்பாட்டையும் குறை சொன்னதில்லம்மா."

"அன்னைக்குத் தட்டை வீசுனப்போ இது உங்களுக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "தெரியும்."

அம்மா அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "தெரியாம செஞ்சிருந்தீங்கன்னா எப்பவோ மன்னிச்சிருப்பேன்."