நாலாம் விரல்

என் மச்சாள் பியானோ வாசிக்கும்போது அவளுடைய கைகளைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. பார்க்காமல் இருக்கவும் ஏலாது. கணவரின் தங்கை அவள்; அவளுக்கும் நான் மச்சாள்தான். உப்புவெளியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள், காற்றில் கலைந்த தலையோடு அப்படியே இருந்து வாசிப்பாள், தண்ணீர் மாதிரி ஓடும். வயிறு எரியுமா எரியாதா?

அந்த வருடம் துறைமுகத்தடித் தேவாலயத்தின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குப் பியானோ வாசிக்க ஒருவர்தான் தேவைப்பட்டார். பாடகர் குழுவை நடத்தும் ரீச்சர் எங்கள் இருவரிடமும் ஒரே சொனாட்டாவைத் தந்து, "சனிக்கிழமை ரெண்டு பேரும் வாசிச்சுக் காட்டுங்கோ, பாப்பம்" என்று சொல்லிவிட்டார். மச்சாளுக்கு மேடை புதிதில்லை. சின்ன வயதிலேயே கன்னியாஸ்திரிகளிடம் முறையாகப் பழகியவள். நான் படித்தது சங்கீதம். பியானோவெல்லாம் கலியாணத்துக்குப் பிறகு, அன்புவழிபுரத்து வீட்டில், ஒரு கீபோர்டையும் யூடியூபையும் வைத்துக்கொண்டு நானாகப் பழகியது. எனக்கு அது முதல் மேடை. அது எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் பக்கத்தில் ஓர் ஓட்டம் இருந்தது. வலக்கை விறுவிறென்று மேலே ஏறி, உச்சியில் திரும்பி, அதே வேகத்தில் இறங்க வேண்டும். ஏறிவிடுவேன். இறங்கும்போது நடுவழியில் ஒரு விரல் குறைந்துபோகும், கை அந்தரத்தில் நிற்கும். என் போட்டோக் கொப்பியில் எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று காட்டும் இலக்கம் ஒன்றும் இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு மச்சாளுக்கே போனில் கோல் எடுத்தேன்.

"இறங்கிற இடமோ மச்சாள்? நீங்கள் மூண்டாம் விரலைத்தானே தாண்டிப் போடுறீங்கள்?"

"ஓம்."

"அதுதான் விரல் காணாமப் போகுது. பெருவிரலுக்கு மேலால நாலாம் விரலைப் போடுங்கோ. சரியா வரும்."

போட்டேன். முன்பு நடுவழியில் நின்ற கை இப்போது இன்னும் முன்னதாகவே நின்றது. தாண்டி இரண்டு சுரம் போனதுமே விரல் முடிந்துவிடும். அந்தக் கிழமை முழுக்க, சோறு அடுப்பில் கிடக்க, அதையே தட்டினேன். கள்ளி, வேண்டுமென்றே பிழையாகச் சொல்லித் தந்திருக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குத் தேவாலய மண்டபத்துக்குப் போனபோது அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். உப்புக்காற்றில் ஊறிய பழைய பியானோ, சில கட்டைகள் அழுத்தினால் எழும்ப மனமில்லாமல் கிடக்கும். அதிலும் அவளுக்கு அந்த ஓட்டம் வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நல்லாத்தான் பழக்கினாய் எனக்கு! நாலாம் விரல் போட்டு ஒண்டும் வரேல்ல. நான் மேடையில ஏறக்கூடாதெண்டுதானே?"

அவள் திகைத்துப்போய் எழும்பினாள். "எங்க, நாலாம் விரலைக் காட்டுங்கோ, பாப்பம்."

காட்டினேன். தாளம் எண்ணி எண்ணி ஊறிய கை. சின்னவிரலில் தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று. நாலுக்குச் சுட்டுவிரல் நின்றது.

"ஐயோ மச்சாள்! இது தாளம் போடுற கணக்கு. பியானோவுக்குப் பெருவிரல்தான் ஒண்டு." என் மோதிரவிரலைப் பிடித்து ஆட்டினாள். "இந்தா, இவர்தான் நாலாம் ஆள்." விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மூன்றாம் விரல் நடுவிரல்தானே, எனக்கெப்படித் தெரியும்?

அன்று பின்னேரமே ஓட்டம் இறங்கியது. சனிக்கிழமை நான் ஒரு தட்டுத்தடங்கலும் இல்லாமல் வாசித்தேன். மச்சாளும் நன்றாகத்தான் வாசித்தாள். ரீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்து, "இந்த முறை நீங்களே வாசியுங்கோ" என்றார்.

நான் உடனே திரும்பி மச்சாளின் முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு சுளிப்பாவது இருக்கும், கண்ணாவது கலங்கும் என்று தேடினேன். ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "நான் சொன்னனான்தானே, சரியா வருமெண்டு!" அவளுக்கு உண்மையாகவே சந்தோசம்.

ஒரு பொட்டுப் பொறாமைகூட இல்லை, பாவிக்கு. மேடை எனக்குக் கிடைத்தும், அன்று வீடு வந்து சேரும்வரை என் வயிறு எரிந்துகொண்டே இருந்தது.